மௌனத்துக்கு நாற்பது மதிப்பெண்

உலக சினிமாவின் தலைநகரம் எது என்று கேட்டால் விவரம் தெரியாதவர்கள் பாரீஸ் என்பார்கள். அரைகுறையாகத் தெரிந்தவர்கள் சென்னை என்பார்கள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், ஒரு சாயப்பட்டறைக்கும் மாவு மில்லுக்கும் இடையே, நாற்பத்தாறு நாற்காலிகளுடன் இயங்கிவரும் 'உலகத் திரைக்கூடம்' என்னும் கலையரங்கைப் பற்றி இவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அதன் கௌரவச் செயலாளர் என்ற முறையில் அந்தக் குறையை இங்கே நிவர்த்தி செய்கிறேன்.

நான் செயலாளர் ஆனது முழுக்க முழுக்கத் தகுதி அடிப்படையில். கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச் சாரியில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அரங்கம் தொடங்கியபோது தலைவர் ராஜகோபால் கலைஞானமும் காகிதமும் உள்ள ஒருவரைத் தேடினார். காகிதம் இருந்தால் போதும், ஞானம் போகப் போக வந்துவிடும் என்று என்னிடம் வந்து நின்றார். அவர் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஓர் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு கோப்பு இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று மருத்துவரிடம் போனதாகவும், ஏதாவது ஒரு சங்கம் ஆரம்பியுங்கள் என்று அந்த மருத்துவர் எழுதிக் கொடுத்ததாகவும் சொல்வார்கள். உலக சினிமா எங்கள் ஊருக்கு வந்தது அந்த மருந்துச் சீட்டு வழியாகத்தான்.

அரங்கம் முன்பு பட்டு நூல் கிடங்காக இருந்தது. நாற்காலிகள், மூடப்பட்ட ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து வந்தவை. சரிபாதி நாற்காலிகளின் முதுகில் 'மணமகன் வீட்டார்' என்றும் மீதியில் 'மணமகள் வீட்டார்' என்றும் எழுதியிருக்கும். இதனால் எங்கள் பார்வையாளர்கள் எந்தப் படத்தையும் இரண்டு தரப்பாகப் பிரிந்து பார்க்கும் விமர்சன மரபு இயல்பாகவே உருவாகிவிட்டது. படம் ஓட்டுபவர் ஜான்சன். ஞாயிறு காலைகளில் சர்ச்சில் மைக் செட் பார்ப்பவர். சத்தம் வராவிட்டால் பெட்டியை ஒரு தட்டு தட்டுவார், வந்துவிடும். வெளிநாடுகளில் இதற்குப் பெரிய பெரிய பொறியாளர்களை வைத்திருக்கிறார்களாம், பாவம்.

திறப்பு விழாவன்று ஊரே வந்தது. வந்தவர்கள் நெசவாளர்கள். ஆகவே யாரும் படத்தைப் பார்க்கவில்லை. வரிசையாக மேடை ஏறித் திரையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துத் தேய்த்துப் பார்த்தார்கள். "மில்லுத் துணி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இறங்கினார்கள். அதன் பிறகு அந்தத் திரையில் எவ்வளவு பெரிய மேதையின் படம் ஓடினாலும், குறுக்கே ஓடும் ஊடை இழை நெருக்கமாக இல்லை என்ற ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் அமாவாசை மதியம் மூன்று மணிக்கும் படம் போடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் வருவார்கள். அதில் இருவர் மாவு மில்லில் முறைக்குக் காத்திருப்பவர்கள். அமாவாசையன்று நாற்பத்தாறு நாற்காலியும் நிரம்பி, சுவரோரம் ஆட்கள் நிற்பார்கள். அமாவாசையன்று தறியில் உட்கார மாட்டார்கள் என்பது இந்த ஊர் வழக்கம். இருந்தாலும் அதற்கும் கூட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதே நிர்வாகக் குழுவின் ஒருமனதான முடிவு. 'சந்திரன் இல்லாத நாளில் மனித மனம் இருண்மைக் கலையை நாடுகிறது' என்று ஒரு துண்டறிக்கையில் நான் எழுதியிருக்கிறேன். இருநூறு பிரதி.

கூட்டத்துக்கு இன்னொரு காரணம் இருந்ததாக ஜான்சன் சொல்லிவந்தார். அந்தக் காரணத்தின் பெயர் ஏலவார்குழலி.

ஏலவார்குழலியும் அவர் கணவர் நமச்சிவாயமும் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் தறி போட்டிருப்பவர்கள். கோர்வைப் புடவை நெய்பவர்கள். அதாவது உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். அதை ஒரு ஆள் நெய்ய முடியாது. ஒருவர் நடுவில் உட்கார, இன்னொருவர் பக்கத்தில் இருந்து கரை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளித் தர வேண்டும். முப்பது வருடமாக அவர் தள்ளுவார், இந்த அம்மாள் திருப்பித் தள்ளுவார். ஆறு வருடத்துக்கு முன்பு சர்க்கரை நமச்சிவாயத்தின் கண்ணை எடுத்துக்கொண்டுவிட்டது. வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. தறியை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை. கைக்கு வேலை தெரியும். கண்ணுக்குப் பதிலாக ஏலவார்குழலியின் வாய் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த வாய் எங்கள் அரங்கத்துக்கும் வந்தது. கடைசி வரிசை, இடது ஓரம், எக்ஸாஸ்ட் ஃபேன் கழன்று விழுந்து வட்டமாக ஓட்டை மட்டும் மிஞ்சியிருக்கும் சுவரை ஒட்டி இருவரும் உட்காருவார்கள். விளக்கு அணைந்ததும் அந்த அம்மாள் கணவருக்குப் படத்தைச் சொல்லத் தொடங்குவார். காதோடு சொல்வதாகத்தான் அவர் நினைப்பு. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். அதன் ரகசியம் மாவு மில் வரை கேட்கும்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே அடியில் ஓடும் ஆங்கில எழுத்துகள் அவருக்கு இடைஞ்சலாக இல்லை. முகத்தைப் பார்ப்பார், கையைப் பார்ப்பார், கதையைச் சொல்லிவிடுவார். ஒருமுறை பனி நாட்டுப் படம் ஒன்று. ஒரு வீடு, இரண்டு சகோதரிகள், நடுவில் ஒரு கம்பளிச் சட்டை. முக்கால் மணி நேரமாக இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இருட்டில் ஏலவார்குழலியின் குரல் மட்டும் கேட்டது.

"அது அவுங்க அம்மா போட்டுக்கினு இருந்த ஸ்வெட்டருங்க. சின்னவ மடிச்சு வெக்கறா, பெரியவ பிரிச்சுப் போடறா. எடுத்துக்கவும் மனசு வரல, குடுத்துடவும் மனசு வரல."

"மோந்து பாத்தாளா?" என்று நமச்சிவாயம் கேட்டார்.

"இன்னும் இல்ல. பெரியவ வெளிய போவட்டும்னு பாத்துக்கினு இருக்கறா."

பெரியவள் வெளியே போனாள். சின்னவள் சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். மணமகன் வீட்டார், மணமகள் வீட்டார் இரு தரப்பிலும் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. மில்லுத் துணி என்று யாரும் அன்று சொல்லவில்லை.

செயலாளருக்கு ஒவ்வொரு படத்துக்கும் 'திரைக்குறிப்பு' எழுதும் பொறுப்பும் உண்டு. அந்தப் படத்துக்கு நான் எழுதியதை இப்போதும் சிலர் நினைவுகூர்கிறார்கள். 'எடுத்துக்கொள்ளவும் இயலாத, கொடுத்துவிடவும் இயலாத ஒரு மரபின் கம்பளிச் சுமையே இப்படம்.' இதை எழுத நான் மிகவும் சிரமப்பட்டேன். ஆங்கிலம் எனக்கு நன்றாகப் படிக்க வரும், எழுத்துகள் நின்றுகொண்டிருந்தால். சினிமாவில் அவை ஓடுகின்றன. ஆகவே பணி நிமித்தமாக, கடைசி வரிசைக்கு முந்தைய வரிசையில், இடது ஓரத்தில் என் இருக்கையை அமைத்துக்கொண்டேன். காற்றோட்டத்துக்காக.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு கடிதம் வந்தது. 'அகில உலகச் சிற்றரங்குத் தர மேம்பாட்டுப் பேரவை' என்ற அமைப்பு எங்கள் அரங்கை ஆய்வு செய்து தரச் சான்றிதழ் வழங்க விரும்பியது. ஆய்வுக்கு வரும் நாள் அடுத்த அமாவாசை. கூடவே மதிப்பெண் பட்டியல் ஒன்று இணைக்கப்பட்டிருந்தது. திரைக்கு இருபது, ஒலிக்கு இருபது, திரைக்குறிப்புக்கு இருபது. பார்வையாளரின் 'மௌனப் பண்பாட்டுக்கு' நாற்பது.

ராஜகோபால் அவசரக் கூட்டம் கூட்டினார். கூட்டத்தில் அவர், நான், ஜான்சன் ஆகிய மூவரும் 'பெருந்திரளாக' கலந்துகொண்டோம். பொருள் ஒன்று: கடைசி வரிசை ஒலி மாசு. படம் நடக்கும்போது பேசுதல், முணுமுணுத்தல், கதை சொல்லுதல், உரக்கப் பெருமூச்சு விடுதல் ஆகியவற்றைத் தடை செய்யும் 'மௌன விதி'யைத் தலைவர் முன்மொழிந்தார். விதி யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை என்பதை மினிட்ஸில் தனியாகப் பதிவு செய்யச் சொன்னார்.

ஜான்சன் ஒத்துக்கொள்ளவில்லை.

"சார், அந்தம்மா பேசலன்னா அவருக்கு ஒண்ணும் தெரியாது சார். சும்மா இருட்டுல குந்திக்கினு இருக்கணும்."

"திரையரங்கில் எல்லோருமே இருட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இதில் பாரபட்சம் எங்கே வந்தது?" என்றார் தலைவர்.

பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். நமச்சிவாயத்துக்குக் கண் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அந்த அம்மாளின் குரல் இல்லாவிட்டால் கூட்டத்துக்கு என்ன ஆகும் என்பதும், என் திரைக்குறிப்புக்கு என்ன ஆகும் என்பதும் தெரியும். இவ்வளவும் தெரிந்த ஒருவன் பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும் அல்லவா? பேனாவை எடுத்தேன். மௌனத்தைப் பற்றிய விதி என்பதால் மௌனமாகவே கையெழுத்துப் போட்டேன். விதியை அரங்கில் முதன்முதலாகப் பின்பற்றியவன் என்ற பெருமை இதனால் எனக்கு வந்து சேர்ந்தது.

அறிவிப்பை என் கடையிலேயே அச்சிட்டேன். தடித்த எழுத்து, பளபளப்புத் தாள், மழைக்குத் தாங்கும்படி லேமினேஷன். இரண்டு பிரதி. ஒன்றை அரங்கின் கதவில் நானே ஒட்டினேன். இன்னொன்றைச் 'சம்பந்தப்பட்டவர்களிடம்' நேரில் சேர்ப்பிக்கும்படி தலைவர் பணித்தார்.

நான் போனபோது தறி ஓடிக்கொண்டிருந்தது. நமச்சிவாயம் தறிக் குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். மாம்பழ நிற உடல், அரக்குக் கரை. பக்கத்தில் ஏலவார்குழலி. நாடா அங்கும் இங்கும் போய்வர, அந்த அம்மாளின் வாய் அதே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் யார் போகிறார்கள், வெயில் எங்கே விழுந்திருக்கிறது, கரையில் எத்தனை விரற்கடை ஏறியிருக்கிறது. "நில்லுங்க, ஒரு இழை அந்துபோச்சு" என்றதும் அவர் கை அந்தரத்தில் நின்றது. அறுந்த இழையை முடிந்துவிட்டு அந்த அம்மாள் "உம்" என்றார். கை மறுபடி ஓடியது.

"செக்ரட்ரி தம்பி வந்துக்கினு இருக்குதுங்க" என்று அவர் என்னையும் அதே மூச்சில் சொன்னார். "கையில ஏதோ பளபளன்னு வெச்சிக்கினு இருக்குது. மூஞ்சி சரியில்ல."

அறிவிப்பை நான் படித்துக் காட்டினேன். விதி பொதுவானது, யாரையும் குறித்தது அல்ல, உலகத் தரம் என்று ஒன்று இருக்கிறது, ஒரே ஒரு நாள் ஆய்வு என்றெல்லாம் விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே வியர்த்தது. ஏலவார்குழலி கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. பெரிய மனுஷங்க வரும்போது சத்தம் போடக் கூடாதுதான் என்று ஒத்துக்கொண்டார். நான் பேசாம இருக்கறேன், நீங்க கவலப்படாதீங்க என்று எனக்கு ஆறுதல்கூடச் சொன்னார். எனக்குக் குடிக்க மோர் வந்தது. அது இன்னும் மோசம்.

நமச்சிவாயம்தான் நாடாவைக் கையில் வைத்தபடி சிரித்தார்.

"நீ பேசலன்னா நான் இன்னாத்துக்கு அங்க வரணும் குழலி? இருட்டு வூட்லயே இருக்குதே."

நான் மோரைக் குடித்து முடித்து, தம்ளரைக் கவனமாகக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.

அமாவாசை வந்தது. ஆய்வாளர் நதியா சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து, ஆட்டோ பிடித்து, மாவு மில்லில் வழி கேட்டு, தானே வந்து சேர்ந்தார். பூமாலையோடு பஸ் நிலையத்தில் காத்திருந்த தலைவர் பின்னாலேயே ஓடிவந்தார். நதியாவுக்கு நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசாதவர். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. என் திரைக்குறிப்புகள் அனைத்தையும் படித்திருக்கிறாராம். கம்பளிச் சட்டை வரியைத் தன் நோட்டில் எழுதி வைத்திருந்தார். எழுத்தாளன் என்ற முறையில் கூச்சத்தோடு தலை குனிந்தேன். தலை குனிந்தது அதற்காகத்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அன்றைய படம் ஆய்வுக்கென்றே தலைவர் தேர்ந்தெடுத்தது. ஏதோ ஒரு மலை நாடு. ஒரு மனிதன் தன் வீட்டுக் கதவுக்கு நீல வண்ணம் பூசுகிறான். இரண்டு மணி பத்து நிமிடம்.

நாற்பத்தாறு நாற்காலியில் நாற்பத்து நான்கு நிரம்பியது. கடைசி வரிசை இடது ஓரத்தில் இரண்டு காலி. விளக்கு அணைந்தது. மௌனம் என்றால் அப்படி ஒரு மௌனம். மின்விசிறியின் முனகலும் தூரிகை கதவில் உரசும் சத்தமும்தான். தலைவர் இருட்டில் என் தொடையைத் தட்டினார், நாற்பது மதிப்பெண் கைக்கு வந்துவிட்டது என்று.

கால் மணி நேரம் கழித்து என் தலைக்கு மேலே இருந்த அந்த வட்ட ஓட்டை வழியாக ஒரு குரல் வந்தது.

"இப்ப மேல் பலகைக்கு வந்துட்டான்ங்க."

அவர்கள் வந்திருந்தார்கள். உள்ளே அல்ல, வெளியே சந்தில். விதி அரங்கத்துக்குள் பேசுவதைத்தான் தடுக்கிறது என்று சட்டப்படி சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். சாயப்பட்டறையில் இருந்து ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து நமச்சிவாயத்தை உட்கார வைத்து, இன்னொரு பக்கெட்டின் மேல் ஏறி நின்று, ஓட்டை வழியாகத் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார் ஏலவார்குழலி. மூன்று மணி வெயில். பக்கத்தில் சிவப்புச் சாயத் தண்ணீர் ஓடும் கால்வாய்.

முதலில் எழுந்தவர் மணமகள் வீட்டார் நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர். சிறுநீர் கழிக்க என்று சைகை காட்டிவிட்டுப் போனார். அடுத்து ஒருவர் போன் வந்ததாகக் காதில் கையை வைத்துக்கொண்டு போனார். கையில் போன் இல்லை. பிறகு காரணம் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொருவராக, கால் கட்டைவிரலில் ஊன்றி, விதிக்குக் கட்டுப்பட்டு ஒரு சத்தமும் எழுப்பாமல் வெளியேறினார்கள். இவ்வளவு ஒழுங்கான வெளிநடப்பைச் சட்டசபைகளில்கூடப் பார்க்க முடியாது. கதவுக்காரன் இரண்டாவது பூச்சை ஆரம்பித்தபோது ஜான்சன் ப்ரொஜெக்டரை அதன் போக்கில் விட்டுவிட்டுப் போனார்.

கடைசியில் உள்ளே மூன்று பேர் மிஞ்சினோம். ஆய்வாளர், தலைவர், நான்.

திடீரென்று வெளியே பெரிய சிரிப்புச் சத்தம். திரையில் அந்த மனிதன் அசையாமல் நின்றுகொண்டிருந்தான். நதியா திரும்பிப் பார்த்தார்.

"அது என்ன சத்தம்?"

"அது அரங்கத்தின் எல்லைக்கு வெளியே நிகழ்வது. நம் அதிகார வரம்பில் வராது" என்றார் ராஜகோபால்.

நானும் ஏன் எழுந்து போகவில்லை என்று கேட்கலாம். கடமை உணர்ச்சி. தவிர, என் இருக்கையில் இருந்து எல்லாம் தெளிவாகக் கேட்டது.

படம் முடிந்ததும் ஆய்வாளர் என் பக்கம் வந்து உட்கார்ந்தார். எனக்காகவே ஒரு கேள்வி வைத்திருந்ததாகச் சொன்னார். அந்த மனிதன் கடைசியில் ஈரக் கதவைத் திறந்து போட்டுவிட்டு வாசலிலேயே படுத்துக்கொள்கிறானே, அதை நான் எப்படிப் பார்க்கிறேன்?

நான் அதைப் பார்க்கவே இல்லை. அந்த நேரம் நிமிர்ந்து ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டை வழியாக ஏலவார்குழலி சொல்லியிருந்தார்: "பொண்ணு வர்றதுக்குள்ள காயணும்னு பாத்தான். காயல. சாத்தினா பெயிண்டு ஒட்டிக்கும், அவ வந்து தட்டினா கை நீலமாயிடும். அதான் தொறந்து போட்டுட்டு காவலுக்குப் படுத்துக்கினான். அவ வர மாட்டா. அது அவனுக்கும் தெரியுது."

இதற்குச் சந்தில் நமச்சிவாயம் ஒன்று கேட்டார். தெரிஞ்சும் எதுக்குப் பெயிண்டு அடிச்சான் என்று. "கை சும்மா இருக்காதுல்ல" என்று பதில் வந்தது.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆய்வாளரிடம் சொன்னேன்: "வராத மகளின் கையில் நீலம் படியக் கூடாது என்பதற்காகத் திறந்தே கிடக்கும் ஒரு வீடு. காத்திருப்பின் வீண்மை அறிந்தும் ஓயாத கைகள்."

நதியா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. இதை நீங்களாகவே யோசித்தீர்களா என்று கேட்டார்.

மிக எளிமையான கேள்வி. சுவருக்கு அந்தப் பக்கம், கைக்கு எட்டும் தூரத்தில், நான் சொன்னது அத்தனையும் காதில் விழ, அந்த அம்மாள் பக்கெட்டில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தார். ஓட்டையைக் காட்டி ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். தலைவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். மௌனப் பண்பாடு என்பது ஒரே நாளில் எவ்வளவு ஆழமாக வேர் விட்டுவிடுகிறது. மூடிக்கொண்டேன்.

மூன்று வாரத்தில் சான்றிதழ் வந்தது. திரைக்குப் பதினொன்று. ஒலிக்குப் பன்னிரண்டு. மௌனப் பண்பாட்டுக்கு நாற்பதுக்கு நாற்பது. 'பார்வையாளர் இருக்கைகளில் இருந்து ஆய்வு நேரம் முழுவதும் எவ்வித ஓசையும் எழவில்லை' என்ற குறிப்புடன். திரைக்குறிப்புக்கு இருபதுக்கு இருபது. கூடவே எனக்குத் தனியாக ஒரு பாராட்டுப் பத்திரம்: 'எளிய மக்களின் பார்வையைச் செவ்விய தமிழில் வழங்கும் அரிய குரல்'. ராஜகோபால் இரண்டுக்கும் சட்டம் போட்டு, சான்றிதழை அரங்கிலும் பத்திரத்தை என் கடையிலும் மாட்டினார். வெற்றி தந்த விதியை நிரந்தரமாக்கும் தீர்மானமும் நிறைவேறியது. ஜான்சன் கூட்டத்துக்கு வரவில்லை. ஆகவே ஒருமனதாக.

அடுத்த அமாவாசை மதியம், பாராட்டுப் பத்திரத்தைச் சட்டத்தோடு கையில் எடுத்துக்கொண்டு அரங்கத்துக்குப் போனேன். உள்ளே படம் தொடங்கிவிட்டது. மின்விசிறிகள் சுற்றின. நாற்பத்தாறு நாற்காலிகள் இருட்டில் மிக ஒழுங்காக, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் படம் பார்த்துக்கொண்டிருந்தன. உலகத் தரம்.

ஊர் முழுக்கச் சந்தில் இருந்தது. காலையில் மழை பெய்து விட்டிருந்ததால் சேற்றில் செங்கல் போட்டு அதன் மேல் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நமச்சிவாயம் அதே பக்கெட்டில். வேட்டியின் ஓரம் சாயத் தண்ணீரில் நனைந்து அரக்குக் கரை போட்டிருந்தது. வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது. அவருக்குத் தெரிந்தது அந்த வெளிச்சம் மட்டும்தான். ஏலவார்குழலி நுனிக்காலில் நின்று ஓட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கெட் ஆடிக்கொண்டிருந்தது.

நான் சொல்ல வேண்டியதைக் கடையிலேயே மூன்று முறை ஒத்திகை பார்த்திருந்தேன். 'அம்மா, இது உங்களுடையது. உள்ளே வாருங்கள்.' இரண்டே வாக்கியம். சந்து தொடங்கும் இடத்திலேயே இருக்கும் அரங்கக் கதவில் ஒட்டியிருந்த லேமினேஷன் தாள் நான் நின்ற இடத்தில் இருந்து ஒரு கை நீட்டும் தூரம்தான். நகத்தால் ஓரத்தை நெம்பினால் வந்துவிடும். ஒட்டியவன் நான், எனக்குத் தெரியாதா?

என் செருப்புச் சத்தம் கேட்டு அந்த அம்மாள் திரும்பினார். என்னைப் பார்த்தார். கையில் இருந்த சட்டத்தைப் பார்த்தார். பிறகு ஓட்டையை விட்டுவிட்டு, அதே குரலில், அதே தாளத்தில், கணவருக்குச் சொல்ல ஆரம்பித்தார்.

"இப்ப ஒருத்தன் வர்றான்ங்க. கையில கண்ணாடி போட்ட படம் ஒண்ணு வெச்சிக்கினு இருக்கறான். அதுல அவன் பேரு போட்டிருக்குது. உள்ள எழுதியிருக்கறது அவன் பேச்சு இல்ல. அது அவனுக்கும் தெரியுது."

சந்து முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது.

"கெட்டவனா?" என்று கேட்டார் நமச்சிவாயம்.

"சேச்சே. நல்லவன்தாங்க. மோரு குடுத்தா தம்ளர கவுத்து வெக்கற ஆளு. ஏதோ சொல்லணும்னு வந்திருக்கறான். வாயத் தொறக்கறான். கதவாண்ட பாக்கறான்."

"தொறந்து?"

"மூடிக்கினான்."

"அப்புறம் இன்னா பண்றான்?"

ஏலவார்குழலி என்னை நன்றாக, நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார். முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"ஒண்ணும் பண்ணலீங்க. நின்னுக்கினே இருக்கறான்."

நமச்சிவாயம் வெயிலில் கண்ணை இடுக்கிக்கொண்டு சிறிது நேரம் காத்திருந்தார். பிறகு சலித்துப்போய், நான் நிற்கும் திசைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார்.

"இதுவும் அந்த செக்ரட்ரி போடற படம்தான் போலக்குது குழலி. நீ உள்ள ஓடறத சொல்லு."